முதல் சொட்டு இல்லாமல்

"கறுப்புதானே எப்சிபா, எந்தக் கறுப்பா இருந்தா என்ன?" என்று முன்னறையிலிருந்து சாரின் குரல் வந்தபோது தங்கபுஷ்பம் தேங்காய்ப்பூவைத் துணியில் கட்டி முறுக்கிக்கொண்டிருந்தாள். முறுக்கின கை அப்படியே நின்றது. பிறகு வேண்டியதற்கு மேலேயே முறுக்கியது, பால் விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரைக்கும் ஓடியது, ஓடட்டும் என்று விட்டுவிட்டாள். எந்தக் கறுப்பா இருந்தா என்னவாம். என்ன மிருதுவாய்ச் சொல்கிறார் பாரேன். சத்தம் போடுகிற ஆளாய் இருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு வார்த்தை திருப்பிக் கேட்டுவிடலாம். இவர் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பேசுகிறார், பிள்ளைக்கு என்னவோ காய்ச்சல், இவர் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருக்கிறார் என்கிற மாதிரி. ஆரஞ்சுப்பழம் நிஜமாகவே வாங்கி வந்திருந்தார். அது இந்த அடுப்படி மேடையில்தான் பைக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் தாணுமாலயன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மதுரையில் ஆராய்ச்சிக்கூடம் நடத்துகிற டாக்டர், மகள் எப்சிபாவின் ஆராய்ச்சிப் படிப்புக்குக் கைடு, ஐந்து வருஷமாக இந்த வீட்டில் சாமி பேருக்கு அடுத்தபடி சொல்லப்பட்ட பேர். வியாழக்கிழமை எப்சி ஒரு பையோடு பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கி, போனை அணைத்துப் போட்டுவிட்டு, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். இன்றைக்குச் சனிக்கிழமை, அவரே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவரை வாசலில் நிறுத்தியா பேச முடியும்? வாங்க சார், சாப்பிட்டுத்தான் போகணும் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வாய்க்கு வேறென்ன தெரியும்! வந்தவர்களை எல்லாம் சாப்பிடச் சொல்லியே பழகின வாய். மீன் சாப்பிடாதவர் என்பதால் தேங்காய்ப்பால் குழம்பு, சொதி. மறுவீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதியை இந்த மனுஷருக்கு வைத்துக்கொண்டிருக்கிறேனே கர்த்தாவே.

மூன்றாம் பாலில் காய் வெந்துகொண்டிருந்தது. முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ். கரண்டியால் அழுத்திப் பார்த்தாள், உருளை இன்னும் இறங்கவில்லை. கறுப்பு என்று அவர் சொன்னது என்ன கறுப்பு என்று அவளுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் நேற்றைக்கு இதே அடுப்படியில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே எப்சி சொன்னாளே, சொல்லிச் சொல்லி நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாளே. மனுஷன் வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் கடலில் தீவு மாதிரி அங்கங்கே கொஞ்சம் செல்கள், சர்க்கரையைப் பார்த்துக்கொள்கிறது அதுகள்தான், ஆனால் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமாம், எது இன்சுலின் சுரக்கிறது எது வேறு வேலை பார்க்கிறது என்று மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாதாம். அதற்குத்தான் அந்தச் சொட்டு. ஆன்டிபாடி. முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் ஊறினதிலிருந்து எடுக்கிறது. "அது மேல ஒரு சொட்டு விட்டா, அது தன் ஆளை மட்டும் தேடிப் போயி ஒட்டிக்கிடும்மா, வேற யாரையும் தொடாது. அப்புறம் ரெண்டாவது ஒரு சொட்டு. அது முதல் சொட்டைத் தேடிப் போயி ஒட்டிக்கிட்டு வெளக்கா எரியும். வெளக்கு எரியற எடத்துல நாம தேடுற செல்லு இருக்குன்னு அர்த்தம்." அப்போ முதல் சொட்டை விடாம ரெண்டாம் சொட்டை மட்டும் விட்டா? என்று அவள் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்கத் தெரியாது, எப்சியேதான் சொன்னாள், "முதல் சொட்டு இல்லாம ரெண்டாவதை மட்டும் விட்டா ஒண்ணும் எரியக்கூடாது. கறுப்பா இருக்கணும். வெறும் துண்டுன்னு சொல்லுவோம். அதைச் செஞ்சு காட்டினாத்தான் மத்த வெளக்கெல்லாம் உண்மைன்னு ஆகும்."

அந்த வெறும் துண்டைத்தான் நாலு வருஷமாக மனுஷக் கணையத்தில் செய்யவேயில்லை. எலியில் செய்தார்கள், கறுப்பாக இருந்தது, சரி என்று விட்டுவிட்டார்கள். ஏன் செய்யவில்லை என்றால், அதில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது, திமிரினால் செய்யாமல் விடவில்லை, சோம்பலினாலும் இல்லை, பயபக்தியினால் செய்யாமல் விட்டார்கள். மனுஷத் துண்டு கிடைப்பது அவ்வளவு கஷ்டம். செத்துப்போனவர்களுடைய வீட்டுக்காரர்கள் மனசு வந்து கொடுத்தால்தான் உண்டு. "ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது, ஒவ்வொண்ணும் ஒருத்தரோட உசுரு" என்று சார் ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதியே ஒட்டியிருந்தாராம். ஒன்றும் தெரியக்கூடாத துண்டுக்கு ஒரு மனுஷத் துண்டைச் செலவழிப்பதா என்று ஒருத்தருக்கும் கை வரவில்லை. எப்சியும் அப்படித்தான், கத்தியில் சீவுவதற்கு முன்னால் பேர் தெரியாத அந்த ஆளுக்காகக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பாளாம், அது அம்மா சொல்லிக் கொடுத்தது. ஒரு பையன், பைக்கிலிருந்து விழுந்தவன், அவனுடைய அம்மா கையெழுத்துப் போடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம், அவனுக்கு வலிக்காதுல்லா என்று. அதைக் கேட்ட ராத்திரி தங்கபுஷ்பத்துக்கு உறக்கம் இல்லை. அந்தத் தாய் யாரோ, எந்த ஊரோ, தினசரி ஜெபத்தில் அவளுக்கென்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையின் சதையை வைத்துக்கொண்டு இப்போது கறுப்புதானே, எந்தக் கறுப்பா இருந்தா என்ன!

"படத்தைக் கேக்கிறாங்க, படத்தைக் கொடுத்துட்டா முடிஞ்சது" என்றது முன்னறை. "எலியில எடுத்த கறுப்பு நம்மகிட்ட இருக்கு. அதுல எலின்னு எழுதியா ஒட்டியிருக்கு? இன்னைக்குச் சாயங்காலத்தோட கெடு முடியுது எப்சிபா. கட்டுரையில முதல் பேரு உன்னோடது, உன் கணக்குல இருந்துதான் போகணும், நான் அனுப்ப முடியாது, முடிஞ்சா உன்னை இப்படித் தொந்தரவு பண்ணுவேனா." எப்சியின் குரல் கேட்கவேயில்லை. பேசட்டி, வாயைத் திறந்து பேசட்டி என்று தங்கபுஷ்பம் கரண்டியிடம் சொன்னாள். இவர்கள் கட்டுரையைப் போடப்போகிற ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டுவிட்டார்கள், மனுஷத் துண்டில் முதல் சொட்டு இல்லாத படம் எங்கே என்று. சார் எலியே போதும் என்றார். இந்தப் பைத்தியக்காரி சரி, இருந்ததில் கடைசியாக ஒரு துண்டு இருக்கிறதே என்று போன வாரம் அதை எடுத்து, முதல் சொட்டை விடாமல், ரெண்டாம் சொட்டை மட்டும் விட்டுப் பார்த்தாள். பார்த்தால், எரிகிறது. முன்னால் எரிந்த அதே இடம், அதே மினுமினுப்பு. பிறகு ரெண்டாம் சொட்டையும் விடாமல் பார்த்தாளாம். அப்போதும் எரிகிறது. "அது எதுவும் செல்லைக் காட்டலம்மா. வயசாக வயசாகச் செல்லுக்குள்ள ஒரு கசடு படியும், எண்ணெய்ச் சட்டி அடியில படியுற மாதிரி. அது தானாவே மினுங்கும். எலி கொஞ்ச நாள்தானே இருக்கும், அதுக்குக் கசடு இல்ல. நாங்க இத்தனை வருசமா கசடைப் படம் புடிச்சிருக்கோம்."

கசடு. அந்த வார்த்தையைத்தான் நேற்றிலிருந்து திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறாள். கசடுக்கா நான் ஸ்தோத்திரம் சொன்னேன். எப்சி அப்பா போன வருஷம்தான் போனார், சர்க்கரை, முதலில் கட்டைவிரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. பஸ்ஸில் கண்டக்டராக நின்றே வாழ்ந்த மனுஷர், கடைசியில் உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னலுக்கு வெளியே போகிற பஸ்களை டவுன் பஸ், பாயின்ட் டு பாயின்ட் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எப்சி போனில் ஒரு படத்தைக் காட்டினாள், கறுப்பு வானத்தில் பச்சைப் பச்சையாகப் புள்ளி. "அப்பா, உங்களை மாதிரி நாள்பட்ட சர்க்கரைக்காரங்களுக்கு உள்ள எல்லாம் செத்துப்போயிடுச்சுன்னுதான் நெனைச்சோம். இது புதுசா முளைவிடுற இன்சுலின் செல்லை மட்டும் காட்டுற சொட்டு. பாருங்க, எழுபது வயசு ஆளுக்குள்ளயும் முளைச்சுக்கிட்டே இருக்கு." அவர் போனைக் கிட்டே கொண்டுபோய், தூரத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அப்போ நம்ம கம்பெனி இன்னும் இழுத்து மூடல" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் போனார். பதினாறாம் நாள் விசேஷ ஜெபம் முடிந்த அடுத்த மாதம் ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்ல அவளை எழுப்பிவிட்டார்கள். வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை. எழுந்து நின்று சொன்னாள், வெட்டிப்போட்ட காலோடு கிடந்த மனுஷருக்குள்ளும் ஆண்டவர் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தார், என் மகள் அதைக் கண்ணால் பார்த்தாள் என்று. முன்வரிசையில் வேலம்மாள் டீச்சர் அழுதாள். ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் வீட்டிலும் சர்க்கரை, தங்கம் அக்கா உங்க சாட்சியிலதான் எனக்குத் தெம்பு வந்தது என்றார்கள். பொய்ச்சாட்சி. ஆலயத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, பொய்ச்சாட்சி. தெரியாமல் சொன்னது பாவமாகாது என்று சபைப் போதகர் ஐயர் சொல்லுவார். இருக்கலாம். தெரிந்த பிற்பாடு வாயை மூடிக்கொண்டு சொதி கிண்டுவது என்னவாம்?

காய் வெந்துவிட்டது. ரெண்டாம் பாலை ஊற்றி, வெந்த பாசிப்பருப்பை மசித்துப் போட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் இடித்துப் பிழிந்த சாற்றை விட்டாள். காரம் மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது, அதைத் துடைக்கவில்லை, இஞ்சியினால்தானே என்று இருந்துகொண்டாள். கோபம் யார் மேல் என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை. சார் மேல்தான். ஆனால் எப்சி அப்பா செத்த அன்றைக்கு மதுரையிலிருந்து வந்து, பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் இவர். ஆசீர் மஸ்கட்டிலிருந்து வந்து சேர நேரமாகிவிட்டது, மகன் நிற்க வேண்டிய இடத்தில் இந்தச் சைவப்பிள்ளை செருப்பில்லாமல் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தார். அதை எப்படி மறப்பது! மறக்க முடியவில்லை என்பதே இன்னும் எரிச்சலாக இருந்தது, தோள் கொடுத்த ஆள் வந்து கழுத்தைக் கேட்டால் என்ன செய்வது. ஆசீர் காலையில் போன் பண்ணினான். "எம்மா, அவளைச் சும்மா அனுப்பச் சொல்லு. ஆபீஸ்ல ஒவ்வொருத்தனும் பண்ணாததா? நான் இங்க தெனமும் பண்ணுதேன், டெஸ்ட் பண்ணின குழாய்ன்னு கையெழுத்துப் போடுதேன், எவன் டெஸ்ட் பண்ணுனான்! படிச்சு முடிச்சு டாக்டர்னு போட்டுட்டு வரட்டும், அப்புறம் உண்மை பேசட்டும். இப்பவே முப்பது ஆகப்போவுது." இவனையும்தான் வளர்த்தேன், இதே கையால்தான் வளர்த்தேன். ஆனால் சரியாகத்தானே சொல்கிறான் என்று உள்ளே ஒரு மூலையில் ஒரு பொம்பளை உட்கார்ந்து தலையாட்டினாள். அவளைத் தங்கபுஷ்பத்துக்கு நன்றாகத் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் மகள் டாக்டர் என்று சொல்லக் காத்திருக்கிறவள் அவள். ஏன்ட்டி அந்தக் கடைசித் துண்டை எடுத்தே? எலியோட கறுப்பு இருக்குன்னு சார் சொன்னாருல்லா, சும்மா இருந்திருந்தா உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, உங்க அப்பா சிரிச்சது சிரிச்சதாவே இருந்திருக்குமே, என்று எப்சியின் மேல் திடீரென்று ஒரு ஆத்திரம் பொங்கி, அது பொங்கின வேகத்திலேயே அவளைச் சுட்டது. சீ. என் வாயிலா இது வருகிறது. பிள்ளை உள்ளதைப் பார்த்தது குற்றமா? அடுப்பைக் குறைத்தாள். முதல் பால் ஊற்றின பிறகு கொதிக்கவே கூடாது, நுரைத்து வரும்போது இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் திரிந்து எண்ணெய் ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கமாகப் போய்விடும். எப்படி வருகிறதோ வரட்டும் என்று ஊற்றினாள், ஆனால் கை பழகின கை, பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றியது. கையும் வாயும் ஒரே ஜாதி. எதிரிக்கும் நல்லதாகத்தான் சமைக்கும்.

"வாசனையே ஆளைத் தூக்குதேம்மா." சார் அடுப்படி நிலைப்படிக்கு வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார், கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வயசான பிள்ளையின் முகமாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை. "நீங்க எதுக்கு சார் உள்ள வந்துக்கிட்டு, இந்தா ஆச்சு" என்றாள். சொல்லிவிட்டு ஏன் இவ்வளவு தணிந்து சொன்னோம் என்று பல்லைக் கடித்தாள். "அம்மா, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. அவ நல்ல பொண்ணு. ரொம்ப நல்ல பொண்ணு, அதுதான் பிரச்சினை. நாங்க பொய்யா எதையும் கண்டுபிடிக்கலம்மா, முளைவிடுற செல்லு இருக்கத்தான் செய்யும், எனக்கு உள்ளுணர்வு சொல்லுது, அடுத்த தடவை வேற சொட்டை வச்சு நிரூபிச்சிருவோம். இப்போ இது நின்னுபோச்சுன்னா கூடத்தை மூடிருவாங்க. இன்னும் நாலு பிள்ளைங்க இருக்கு என்னை நம்பி. நான் என் சொந்தத்துக்கா கேக்கறேன்?" அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. நிஜமாகவே உடைகிறதே பாவி மனுஷா, நடிப்பாய் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவள் கருவேப்பிலையைத் தாளித்தாள், எண்ணெய் சடசடவென்று பேசியது. நாலு பிள்ளைங்க என்றால் அந்த நாலும் இதே கசடை வைத்துத்தான் படிக்குமா என்று கேட்கலாம். செத்த பையனின் அம்மாவுக்கு என்ன பதில் என்று கேட்கலாம். இந்தப் படத்தை நம்பி வேறு ஊரில் வேறு ஒரு எப்சி அஞ்சு வருஷம் முளையைத் தேடிக்கொண்டு கிடப்பாளே என்று கேட்கலாம், அதைத்தான் எப்சி நேற்று மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள், எம்மா என்னை மாதிரி ஒருத்தி என்று. கேள்வியெல்லாம் வாய் வரைக்கும் வந்து வரிசையாக நின்றது. படித்த ஆண்பிள்ளைக்கு எதிரே அவள் வாய் இதுவரை கேள்வி கேட்டதில்லை. கண்டக்டர் வீட்டுக்காரி, ஐயரிடம், ஹெட்மாஸ்டரிடம், ஆஸ்பத்திரி டாக்டரிடம், காலை எடுக்கணும் என்றபோதுகூட, சரிங்க சார் என்று சொன்ன வாய். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா. அம்மா சொல்லித்தான் அவ எதையும் செய்வா. உங்களுக்காவது புரியுதா?" புரியுது சார் என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. புரியுது என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "சாப்பிட உக்காருங்க சார்" என்றாள்.

இலை போட்டாள். சோறு வைத்தாள், உருளைக்கிழங்கு வறுவல், இஞ்சித் துவையல், அப்பளம், சோற்றின் நடுவே குழி பண்ணிச் சொதியை ஊற்றினாள். திரியவில்லை, பட்டு மாதிரி வழிந்தது. எப்சி வந்து எதிரே உட்கார்ந்தாள், கண்ணெல்லாம் வீங்கி, பக்கத்து நாற்காலியில் லேப்டாப் திறந்தபடி. எல்லாம் பேசி முடித்தாகிவிட்ட மாதிரி ஒரு சோர்வு அந்தப் பிள்ளையின் தோளில் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டாளா? அடுப்படியில் எண்ணெய் சடசடத்த நேரத்தில் சரி என்று சொல்லிவிட்டாளா? சார் இலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், சட்டென்று ஞாபகம் வந்தவராய்க் கையை மடியில் வைத்துக்கொண்டார். "மிஷன் ஹாஸ்டல்ல வளர்ந்தவன்மா நான். ஜெபம் பண்ணாம சோத்துல கை வச்சா வார்டன் ரூல் தடியால போடுவாரு. நீங்களே பண்ணுங்க. அப்படியே எப்சிபாவுக்கு நல்ல புத்தி வரணும்னு சேத்துப் பண்ணிருங்க" என்று சிரித்தபடி கண்ணை மூடினார்.

அவளும் மூடினாள். அவளுக்குக் குரல் கிடைக்கிற ஒரே இடம் அது. அங்கே சார் கிடையாது, ஐயர் கிடையாது, எட்டாம் வகுப்புக் கிடையாது, யாரைப் பார்த்தும் தணிய வேண்டாம். "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தபோது வழக்கமான குரல்தான். இந்த வேளைக்காக ஸ்தோத்திரம், இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், மதுரையிலிருந்து சாரைச் சுகமாய்க் கொண்டுவந்து சேர்த்தீரே அதற்காக ஸ்தோத்திரம், அவருடைய வீட்டம்மாவை ஆசீர்வதியும், அவரை நம்பியிருக்கிற பிள்ளைகளை ஆசீர்வதியும். சார் மெல்ல உம் கொட்டினார். "ஆண்டவரே, எங்க வீட்டுக்காரர் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் இவர். அதுக்கு நான் சாகிற வரைக்கும் கடன்பட்டவ. ஆனா ஆண்டவரே" என்றதும் குரல் மாறியது, அவளுக்கே கேட்டது, அது யார் குரல் என்று ஒரு கணம் பயந்தாள், நிறுத்த முடியவில்லை. "இந்தப் பிள்ளை வெளக்குன்னு நெனைச்சுப் பாத்துது. அது வெளக்கு இல்லன்னு அதே கண்ணால பாத்துட்டுது. செத்தவங்க வீட்டுல அழுதுக்கிட்டே குடுத்தாங்க. வலிக்காதுல்லான்னு கேட்டுட்டுக் குடுத்தா ஒருத்தி. அவ குடுத்ததுல எலியோட கறுப்பை வச்சு மூடச் சொல்லுதாரு. என்னைய சரின்னு சொல்லச் சொல்லுதாரு. எனக்கும் ஆசைதான் ஆண்டவரே, எம்மக பேருக்கு முன்னால டாக்டர்னு போட எனக்கும் ஆசைதான், நீர் அறிவீர். நான் ஆலயத்துல நின்னு சொன்ன சாட்சி பொய்யாப்போச்சு. அதை நாளைக்கு ஞாயித்துக்கெழமை ஆலயத்துல நானே எந்திரிச்சுச் சொல்லிருவேன், எனக்கு வெக்கமில்ல. இனிமே ஒரு பொய்யி இந்த வீட்டுல இருந்து, இந்த மேசையில இருந்து போகக் கூடாது. சாரு இப்போ தன் வாயால என்ன சொல்லப்போறாருன்னு நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்." அத்தோடு நிறுத்தினாள்.

நிறுத்தினாளே தவிர முடிக்கவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. இஞ்சி வாசனை, தேங்காய்ப்பால் வாசனை, இலை வெந்த வாசனை. ஆமென் என்று அவள் சொல்ல வேண்டும், சொன்னால்தான் கை இலைக்குப் போகும், மூன்று பேருக்கும் அது தெரியும். "அம்மா" என்றாள் எப்சி கிசுகிசுப்பாக, "ஆமென் சொல்லும்மா." "இன்னும் முடியல" என்றாள் கண்ணை மூடியபடியே. பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது, ஆனால் பயம் கோபத்துக்கு அடியில் இருந்தது, மேலே வரவில்லை. சார் செருமினார். நாற்காலியில் அசைந்தார். "அம்மா, சோறு ஆறுது" என்றார், சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அதில் இருந்தது. "ஆறட்டும் சார்." "நீங்க படிக்காதவங்க, உங்களுக்கு இதோட கஷ்டம்..." "ஆமா சார். தெரியாது. அதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்." வெளியே பஸ் ஒன்று போனது. கண்ணைத் திறந்து அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது, இமையை இறுக்கிக்கொண்டாள். பார்த்தால் இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் ஆமென் வந்துவிடும், அவளுக்கு அவளைத் தெரியும். அந்தத் தோள், செருப்பில்லாத அந்தக் கால், உடைந்த அந்தக் குரல், எல்லாம் இமைக்கு அந்தப் பக்கம் நின்று தட்டியது. திறக்க மாட்டேன். நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. "எனக்குப் பசியில்ல எப்சிபா. கெடு ஆறு மணி. நீயே முடிவு பண்ணிக்க" என்றார், மிருது போய்விட்டிருந்தது, வெறும் குரல் மட்டும் இருந்தது. நிலைப்படி தாண்டி, வாசல் தாண்டி, கார்க் கதவு சாத்துகிற சத்தம். இந்த வீட்டில் இலை போட்டு உட்காரவைத்து ஒரு மனுஷரைப் பட்டினியாக அனுப்பினது இதுதான் முதல் தடவை. அது உடம்பெல்லாம் ஊசியாய்க் குத்தியது. கோபம் அப்போதும் இறங்கவில்லை, இவர் இப்படிப் போய்விட்டாரே என்றும் கோபம், சாப்பிட்டுவிட்டாவது போயிருக்கக் கூடாதா என்றும் கோபம், ஒரு வார்த்தை, சரிம்மா தப்புதான் என்கிற ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல வாய் வரவில்லையே படித்த மனுஷருக்கு என்றும் கோபம்.

லேப்டாப்பை இலைக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. எழுத்துகளைத் தட்டுகிற சத்தம், நின்று, மறுபடி தட்டுகிற சத்தம். "எந்தப் படம்ட்டி?" என்றாள், கண் மூடினபடியே. "எரியறதுதாம்மா. முதல் சொட்டு இல்லாம எரியறது. உள்ளபடியே எழுதிட்டேன், இதுவரைக்கும் காட்டினது எல்லாம் தப்புன்னு." "இத்தோட என் படிப்பு போச்சும்மா." "போவட்டும்" என்று சொல்ல வந்தாள், அது பொய், போகட்டும் என்று அவள் மனசு சொல்லவில்லை, இன்றைக்கு இந்த மேசையில் அதையும் சொல்லக் கூடாது. "அனுப்பிட்டியா?" "அனுப்பிட்டேன்." தங்கபுஷ்பம் மூச்சை உள்ளே இழுத்தாள். வெளியே விட்டபோது, யாரையோ அதட்டுவது மாதிரி வந்தது அந்த வார்த்தை.

"ஆமென். சாப்பிடு."